எதற்காக என்னும் வினாவும் உயிரின் விடுதலையும்

தமிழ்மொழியில் ‘பொருள்’ என்னும் சொல்லுக்குப் பொருள்கள் பல. சொல் உணர்த்தும் கருத்தும் பொருள். உழைத்து ஈட்டும் செல்வமும் பொருள். கண்முன் கிடக்கும் கல்லும் மண்ணும் பொருள். நம் சமயச் சான்றோர் உயிரையும் உயிரல்லனவற்றையும் ஒருங்கே எண்ணி ஆறு பொருள்கள் என வகுத்தனர். இத்தனை பொருள் தாங்கிய அச்சொல்லை வாழ்க்கையோடு சேர்த்து, ‘வாழ்க்கையின் பொருள் யாது?’ என்று வினவும்போது மட்டும், கற்றாரும் கல்லாதாரும் ஒருங்கே திகைத்து நிற்கிறோம்.

இவ்வினா பெரும்பாலும் ஓய்வான வேளைகளில் எழுவதில்லை. வீட்டில் விளக்கு அணைந்த நாளில்தான் எழுகிறது. என் குடும்பத்திலும் அவ்வாறே எழுந்தது. அதனை வாசக அன்பர்கள் முன் வைப்பது என் துயரைப் பகிர்வதற்கன்று. நம்மில் பலரும் செய்யும் பிழையொன்றை நானும் செய்தேன் என்பதனால்.

என் தமக்கையாரின் ஒரே மகன் 2009ஆம் ஆண்டு, தன் 24ஆம் அகவையில், சாலை விபத்தில் மறைந்தான். வேலைக்குச் சேர்ந்து மூன்று திங்களே ஆகியிருந்தன. முதல் மாத ஊதியத்தில் தாய்க்கு வாங்கிய சேலை பெட்டியினுள் மடிப்புக் கலையாமல் இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தோர் ஒவ்வொருவரும் ஓர் ஆறுதல் மொழியைக் கொண்டு வந்தனர். “எல்லாம் ஏதோ ஒரு நன்மைக்காகத்தான் நடக்கிறது” என்றார் ஒருவர். “இதைவிடப் பெரிய துன்பம் ஒன்று வரவிருந்தது, அது இவ்வாறு கழிந்தது” என்றார் இன்னொருவர். “நல்லவர்களை ஆண்டவன் விரைவில் அழைத்துக்கொள்கிறான்” என்று கூடச் சொன்னார்கள். ஆண்டவன் ஒருவன் அழைக்கிறான் என்னும் கொள்கையை ஏற்காத நம் இல்லத்திலேயே அது சொல்லப்பட்டது. சொன்னவர் எவருக்கும் தீய எண்ணம் இல்லை. எனினும் ஒவ்வொரு சொல்லையும் கேட்குந்தோறும் தமக்கையாரின் தலை மேலும் மேலும் தாழ்ந்ததை நான் கண்டேன்.

அனைவரும் சென்றபின் அவர் என்னைப் பார்த்து, “தம்பி, நீ நூல்களைக் கற்றவன். இந்தப் பிள்ளை எதற்காகப் பிறந்தான்? நான் எதற்காக வளர்த்தேன்? அதை மட்டும் எனக்குச் சொல்” என்றார்.

நாற்பது ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்த நான், மாணவன் கேட்ட வினாவிற்கு விடை சொல்லும் அவசரத்தோடு, “அக்கா, முன்வினை என்று ஒன்று இருக்கிறதே” என்றேன்.

அவர் நெடுநேரம் என்னையே நோக்கினார். பிறகு, “அப்படியானால் என் பிள்ளை குற்றவாளியா?” என்று கேட்டார்.

அன்று எனக்கு உண்டான வெட்கமே இக்கட்டுரையின் வித்து.

காரணம் வேறு, நோக்கம் வேறு

நான் செய்த பிழை யாது? வினைக்கோட்பாடு பிழையா? அன்று. அதனைக் கூறிய இடமும் கூறிய முறையும் பிழை. அதனினும் ஆழமான பிழை ஒன்றுண்டு. தமக்கையார் கேட்டது ‘எதனால்’ என்பதன்று, ‘எதற்காக’ என்பது. நான் நோக்கத்தைப் பற்றிய வினாவிற்குக் காரணத்தைப் பற்றிய விடையைக் கொடுத்தேன்.

காற்று அடிக்கிறது, கூரையின் ஓடு சரிந்து விழுகிறது. விழுந்ததற்குக் காரணம் உண்டு. காற்றின் வேகம், மரச்சட்டத்தின் உளுப்பு, ஓட்டின் எடை என அதனை விரித்துரைக்கலாம். ஆயின் அவ்வோடு எதற்காக விழுந்தது என்று கேட்டால் விடையில்லை. விழுவதில் ஓட்டிற்கு நோக்கமில்லை. காரணம் எங்கும் உண்டு. நோக்கமோ அறிவுடைய உயிரிடத்து மட்டுமே உண்டு.

இனி வினையைக் காண்போம். நம் ஆகமங்களின்படி வினை என்பது எது? அது தீர்ப்புரைக்கும் நீதிபதியன்று. நம்மைத் திருத்த விழையும் ஆசிரியனும் அன்று. நம் எண்ணம், சொல், செயல்களின் வாயிலாக உயிரிடத்து வந்து ஒட்டுகின்ற நுண்ணிய புற்கலமே வினை. புற்கலமோ அறிவற்றது. அறிவற்ற ஒன்றிற்கு நோக்கம் ஏது? நஞ்சை உண்டவன் மயங்குகிறான். அவனைத் தண்டிக்க வேண்டும் என்று நஞ்சு கருதியதுண்டா? வினை தன் இயல்பினால் வந்து சேர்கிறது. காலம் முதிர்ந்தபோது பயன் தந்து உதிர்கிறது. இதில் எவருடைய திட்டமும் இல்லை. எவருடைய சினமும் இல்லை.

ஆகவே, வினைக்கொள்கையை ஏற்பவர், ‘ஒவ்வொரு துன்பமும் நமக்காக ஒருவர் வகுத்த திட்டத்தின் பகுதி’ என்று கூறுதல் பொருந்தாது. மேலும், பல பிறவிகளின் கணக்கைக் கேவல ஞானியர் அன்றி வேறெவர் காண வல்லார்? இரண்டு நாள் முந்தைய உணவை நினைவுகூர இயலாத நாம், பிறர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்தம் முற்பிறவியைப் பற்றித் தீர்ப்புரைப்பது அடக்கமின்மையே ஆகும். வினைக்கொள்கை எனக்கு நானே கூறிக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை. பிறர் துயரின்மீது அதனை வீசும்போது அது கல்லாகிவிடுகிறது.

பிரெஞ்சு நாட்டில் எழுந்த குரல்

தமக்கையாரின் வினாவிற்கு விடை தேடிப் பல நூல்களைப் புரட்டிய நாள்களில், இதே வினாவை நேருக்கு நேர் எதிர்கொண்ட இரு பிரெஞ்சு மொழி எழுத்தாளர்களை அறிய நேர்ந்தது. அவர்கள் நம் சமயத்தவர் அல்லர், எச்சமயத்தையும் சாராதவர். எனினும் அவர்கள் கூறியவை நம்மை நாமே நன்கு அறிந்துகொள்ளத் துணை செய்கின்றன.

முதலாமவர் ழான் பால் சார்த்தர். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் அவர் ஆற்றிய உரை புகழ்பெற்றது. காகிதம் வெட்டும் கத்தி ஒன்றை அதில் அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். கத்தியைச் செய்பவன், அது எதற்கு என்பதை முன்னரே மனத்திற்கொண்டு அதனைச் செய்கிறான். ஆகவே அதன் பயன் அதற்கு முன்னரே பிறந்துவிடுகிறது. மனிதனையோ அவ்வாறு திட்டமிட்டுச் செய்த தச்சன் எவனும் இல்லை. அவன் முதலில் இருக்கிறான். பிறகு தன் செயல்களால் தன்னை ஆக்கிக்கொள்கிறான். நம் அடுக்களையை வைத்துச் சொன்னால், அரிவாள்மணை காய் நறுக்கப் பிறந்தது; அது மழுங்கினால் பயனற்றதாகும். ஆனால் மனிதன் அரிவாள்மணை அல்லன்.

அவ்வுரையிலேயே அவர் தம் மாணவன் ஒருவனைப் பற்றியும் கூறினார். 1940ஆம் ஆண்டு ஜெர்மானியர் படையெடுப்பில் அவனுடைய தமையன் கொல்லப்பட்டான். தாய் இவன் ஒருவனையே நம்பி வாழ்ந்தாள். நாட்டின் விடுதலைக்குப் போரிட இங்கிலாந்து செல்வதா, தாயோடு தங்குவதா என்று அவன் சார்த்தரிடம் கேட்டான். எந்த நூலும் அவனுக்கு விடை தரவில்லை. சார்த்தரும் தரவில்லை. நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு என்பதே அவர் கூறியதன் சாரம். கேட்பதற்கு இது கடுமையாகத் தோன்றும். ஆயின் அம்மாணவனின் முடிவை வேறெவரும் சுமக்க இயலாது என்னும் உண்மை அதில் உண்டு.

இரண்டாமவர் ஆல்பெர் காம்யு. 1913ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் பிறந்தவர். மறு ஆண்டே தந்தை முதல் உலகப்போரில் இறந்தார். எழுத்தறியாதவரும் காது மந்தமானவருமான தாய், பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிள்ளைகளை வளர்த்தார். 17 வயதில் காம்யுவைக் காசநோய் பற்றியது. விருப்பத்தோடு ஆடிய கால்பந்தாட்டத்தையும் அது பறித்தது. வாழ்க்கை ஏன் இவ்வாறு என்று கேட்க இவரைவிடத் தகுதியுடையார் யார்?

1942ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூல் சிசிபஸ் என்னும் கிரேக்கப் புராண மாந்தனைப் பற்றியது. தேவர்களின் தண்டனையால் அவன் ஒரு பாறையை மலையுச்சிக்கு உருட்டிச் செல்ல வேண்டும். உச்சியை அடைந்ததும் பாறை உருண்டு கீழே விழும். மீண்டும் உருட்ட வேண்டும். இதற்கு முடிவே இல்லை. காம்யு அவன் பாறையைத் தேடி இறங்கி வருகின்ற நேரத்தை உற்று நோக்குகிறார். தன் உழைப்பிற்குப் பயன் இல்லை என்பதை அவன் முழுதும் அறிவான். அறிந்தும் இறங்கி வருகிறான். பயன் கிட்டும் என்று ஏங்காதவனை அத்தண்டனை நசுக்க இயலாது. அப்பாறை இப்போது அவனுடையது என்பது காம்யுவின் துணிபு. வாழ்வில் பொருளில்லை எனில் உயிரை மாய்த்துக்கொள்ளலாமே என்னும் வினாவோடு அந்நூல் தொடங்கி, ‘கூடாது’ என்னும் உறுதியான விடையை அடைகிறது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

அவர் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கொள்ளைநோய்’ என்னும் புதினத்தில் ஒரு காட்சி என்னை உலுக்கியது. ஓரான் நகரைக் கொள்ளைநோய் பற்றுகிறது. இது உங்கள் பாவத்தின் தண்டனை என்று பாதிரியார் ஒருவர் மக்களுக்குப் போதிக்கிறார். பின்னர் ஒரு நாள், சிறுவன் ஒருவன் துடிதுடித்து இறப்பதை அருகில் நின்று காண நேர்கிறது. அதன்பின் அவர் நிகழ்த்தும் உரையில் ‘நீங்கள்’ என்னும் சொல் மறைந்து ‘நாம்’ என்னும் சொல் இடம்பெறுகிறது. அப்பகுதியைப் படித்தபோது என் தமக்கையாரின் கூடத்தில் நான் கூறிய சொல் என் செவியில் மீண்டும் ஒலித்தது. அப்புதினத்தில் வரும் மருத்துவரோ, நோய்க்கு விளக்கம் தேடுவதில்லை. தம் கடமையைச் செய்கிறார். நோயாளியின் அருகில் இருக்கிறார்.

படைத்தோன் இல்லா உலகம்

இவற்றைப் படித்த ஐரோப்பியருள் பலர் அதிர்ச்சியுற்றனர். உலகம் ஓர் இறைவனின் திட்டம் என்று தலைமுறை தலைமுறையாக நம்பியவர்க்கு, அத்திட்டம் இல்லை என்பது கூரை பறந்ததை ஒக்கும். ஆனால் சமணராகிய நாம் அதிர்ச்சியுற வேண்டியதில்லை. அக்கூரையை நாம் என்றுமே வேய்ந்ததில்லை.

உலகம் எவராலும் படைக்கப்படவில்லை. அது தொடக்கமும் முடிவும் அற்றது என்பது நம் சமயத்தின் அடிப்படைக் கொள்கை. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆசாரியர் ஜினசேனர் தம் மகாபுராணத்தில் இதனை நுணுக்கமாக வாதிட்டார். படைத்தவன் நிறைவுடையவன் எனில் அவனுக்குப் படைக்கும் விருப்பம் ஏன் எழுந்தது? நிறைவற்றவன் எனில் இவ்வுலகைப் படைக்க அவன் எவ்வாறு ஆற்றலுடையவன் ஆவான்? வாதத்தின் போக்கு இத்தகையது.

இக்கொள்கையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஆயினும் அதன் விளைவை எண்ணிப் பார்த்தோமா? படைத்தோன் இல்லை எனில், நம் பிறப்பிற்குப் பிறர் குறித்த நோக்கமும் இல்லை. நாற்கதியிற் சுழலும் இச்சுழற்சி தானாக எங்கும் கொண்டு சேர்ப்பதில்லை. செக்கு எத்தனை முறை சுற்றினாலும் ஊர் போய்ச் சேருமா? பன்னிரண்டு அனுப்பிரேட்சைகளுள் ‘அசரணம்’ என்பதனைச் சிந்திக்கும்போது, புகலிடம் என்று வெளியில் எதுவும் இல்லை என்றே நம் முன்னோர் எண்ணிப் பழகினர். அருகப் பெருமானும் வரம் அளிப்பவர் அல்லர். தாம் நடந்த வழியைக் காட்டியவர்.

அச்சம் தருவதுபோல் தோன்றும் இக்கருத்தில் ஒரு பெரும் விடுதலை அடங்கியுள்ளது. எவரும் நமக்கு ஒரு நோக்கத்தைக் குறித்துத் தரவில்லை எனில், அந்நோக்கத்தில் தோற்றோம் என்று எவரும் நம்மைக் குறைகூற இயலாது. தேர்வே வைக்கப்படவில்லை எனில் தோல்வி ஏது? பெரும்பதவி எய்தாதவர், மகப்பேறு இல்லாதவர், மணமாகாதவர், நோயினால் படுக்கையில் கிடப்பவர், இளமையிலேயே மறைந்தவர் ஆகிய எவருடைய வாழ்வும் ‘வீண்’ என்று கூற ஓர் அளவுகோல் இல்லை. ‘இத்தனை படித்தும் என்ன பயன்?’ என்றும், ‘பிள்ளையில்லாத வாழ்வும் ஒரு வாழ்வா?’ என்றும் நம் இல்லங்களில் எத்தனை உள்ளங்களைப் புண்படுத்துகிறோம்! அவர்களை அரிவாள்மணையாக எண்ணுவதனால் அன்றோ அவ்வாறு பேசுகிறோம்!

எதுவும் செய்யலாம் என்றாகிவிடாதா?

இங்கே ஓர் ஐயம் எழும். நோக்கம் குறித்தவர் இல்லை எனில் நன்மை தீமையும் இல்லையாகுமோ? மனம்போன போக்கில் வாழலாமோ? உருசிய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1880ஆம் ஆண்டு எழுதி முடித்த ‘கரமசோவ் சகோதரர்கள்’ என்னும் புதினத்தின் நடுவில் நிற்பதும் இவ்வையமே.

இதற்கு வாதத்தால் மட்டுமன்றி வரலாற்றாலும் விடை கூறத்தக்கவர் நாம். படைப்புக் கடவுளை ஏற்காத சமயம் ஒன்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டில் வாழ்ந்து வருகிறது. அது ஒழுக்கத்தைக் கைவிட்டதா? ஓரறிவுயிருக்கும் இன்னா செய்யாமை என்னும் கடுமையான அறத்தை அன்றோ அது கைக்கொண்டது! மேலே ஒருவன் பார்க்கிறான் என்னும் அச்சத்தினால் அன்று. தன் செயல் தன்னையே ஆக்குகிறது என்னும் அறிவினால். பார்ப்பவன் இல்லாத அறையிலும் எறும்பை மிதிக்காமல் கடப்பவன், எவருக்காகக் கடக்கிறான்?

நம் நீலகேசி இருபுறமும் வாதிட்டதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். அனைத்தும் நியதிப்படியே நடக்கும், முயற்சிக்கு இடமில்லை என்ற ஆசீவகரோடு அவள் வாதிட்டாள். உடலோடு எல்லாம் முடிந்தது, உயிர் என்று ஒன்றில்லை என்ற பூதவாதியோடும் வாதிட்டாள். எல்லாம் முன்னரே எழுதப்பட்டது எனில் உயிருக்கு உரிமை இல்லை. எதற்கும் விளைவில்லை எனில் உயிருக்குப் பொறுப்பில்லை. உரிமையும் பொறுப்பும் ஒருங்கே உள்ள இடமே விடுதலை.

வேறுபடும் இடம்

இவ்வாறு கூறுவதனால் பிரெஞ்சு எழுத்தாளர்களும் நம் ஆசாரியர்களும் ஒன்றையே கூறினர் என்று கொள்ளலாகாது. அநேகாந்தம் என்பது எல்லாக் கொள்கைகளையும் கலந்து கூழாக்குவதன்று. எந்நோக்கில் எது உண்மை என்று பிரித்தறிவதே அது.

உலகின் நோக்கில், வாழ்விற்கு வெளியிலிருந்து இடப்பட்ட பொருள் இல்லை என்று காம்யு கூறுவது நமக்கு உடன்பாடு. உயிரின் நோக்கிலோ நாம் வேறுபடுகிறோம். சார்த்தர் மனிதனுக்கு முன்னமைந்த இயல்பு எதுவும் இல்லை என்றார். நாம் உயிருக்கு அறிதலும் காண்டலும் இயல்பு என்கிறோம். நெருப்பிற்குச் சூடும் நீருக்குக் குளிர்ச்சியும் எவரும் இட்ட கட்டளையால் அமையவில்லை; அவை அவற்றின் தன்மை. அதுபோன்றே அறிவு உயிரின் தன்மை. பொருளின் தன்மையே அதன் தருமம் என்று நம் நூல்கள் கூறுவது இக்கருத்தில்தான். சிசிபஸின் பாறைக்கு முடிவில்லை; வினைப்பாறைக்கோ முடிவுண்டு என்பது நம் துணிபு. காம்யு ஒரு பிறவியோடு நிறுத்தினார்; நாம் வீடுபேற்றை நோக்குகிறோம். இவ்வேறுபாட்டை மறைப்பது அவர்களுக்கும் நமக்கும் செய்யும் அநீதி.

எனினும் வீட்டையும் ஒருவரும் நமக்குக் கட்டளையாக இடவில்லை என்பதை மறக்கலாகாது. நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளை எவரும் நம் கழுத்தில் கட்டுவதில்லை. தாமே விரும்பி ஏற்றவர்க்கே அவை அணியாகும்.

இன்னும் ஒன்று. பயன் கருதி நோற்பதை நம் நூல்கள் ‘நிதானம்’ என்று பெயரிட்டு, உயிரில் தைத்த மூன்று முட்களுள் ஒன்றாக எண்ணுகின்றன. வழக்கில் அமைதியைக் குறிக்கும் நிதானம் அன்று இது. இந்நோன்பினால் இன்னது கிட்டுக என்னும் வேட்கை. நற்செயலும் ‘எதற்காக’ என்னும் ஏக்கத்தோடு செய்யப்படின் முள்ளாகிறது என்றனர் நம் முன்னோர். ‘எதற்காக’ என்னும் வினா நீங்கிய இடத்தில் செயல் தூய்மை பெறுகிறது.

இடுகுறியாகிய வாழ்வு

இவ்விடத்தில் ஒரு தமிழாசிரியனின் உவமையைக் கூற அனுமதிக்க வேண்டுகிறேன். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நம் சமயத்தவர் என்பது யாவரும் அறிந்தது. அவர் பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். பறப்பதனால் பறவை, அது காரணப்பெயர். மரம் என்பதோ இடுகுறி. ம, ர, ம் என்னும் ஒலிகளில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. அவ்வாறு வழங்கி வருகிறோம்; அவ்வளவே.

பல ஆண்டுகள் இப்பாடத்தைக் கற்பித்தும் ஒன்றை நான் எண்ணிப் பார்க்கவில்லை. ‘மரம்’ என்னும் சொல்லுக்குத் தன்னுள் காரணம் இல்லை என்பதனால் அச்சொல் வறுமையுற்றதா? அதனைக் கொண்டு எத்தனை பாடல்கள் எழுந்தன! எத்தனை குழந்தைகள் அதனைச் சொல்லி மழலை பயின்றன! காரணப்பெயரினும் இடுகுறிப்பெயர் தாழ்ந்தது என்று எந்த இலக்கணியும் கூறவில்லை. சொல்லின் நிறைவு, அது வழங்கப்படும் வழக்கில் உள்ளது.

வாழ்வும் அத்தகையதே. பிறந்ததற்கு நோக்கம் தேடினால் அது இடுகுறி. அதனால் குறைவொன்றும் இல்லை. அதனை எவ்வாறு வழங்குகிறோம், எவரோடு வழங்குகிறோம், எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமல் வழங்குகிறோமா என்பதே நம் கையில் உள்ளது.

கிணற்றடியில்

அத்துயர் நிகழ்ந்து நான்கு ஆண்டுகள் கழிந்தபின் ஒரு நாள் தமக்கையாரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். மாலை நேரம். பின்கட்டில் கிணற்று நீரை இறைத்து, குடத்தின் வாயில் வெள்ளைத்துணியைப் போர்த்தி வடிகட்டிக்கொண்டிருந்தார். வடிகட்டி முடிந்ததும் துணியைத் திருப்பிப் பிடித்து, சிறிது நீர் விட்டு அலசி, அந்நீரை மெல்லக் கிணற்றுக்குள் இறக்கினார். துணியில் தங்கிய சிற்றுயிர்கள் தம் இடத்திற்கே மீள வேண்டும் என்பது நம் குலவழக்கம்.

அன்றுதான் சிசிபஸின் பாறை எனக்கு நினைவிற்கு வந்தது. எத்தனை ஆயிரம் முறை என் அன்னையும் பாட்டியும் இவ்வாறு செய்திருப்பர்! கண்ணுக்குத் தெரியாத உயிர்கள். காப்பாற்றப்பட்டன என்று அவை வந்து சொல்வதில்லை. நாளை மீண்டும் இறைக்க வேண்டும், மீண்டும் வடிகட்ட வேண்டும். உச்சி என்று ஒன்றில்லை. ஆயினும் அக்கைகளில் தண்டனையின் சாயல் சிறிதும் இல்லை. சிசிபஸ் தன் பாறையோடு தனித்து நின்றான். இவர் எண்ணற்ற உயிர்களோடு நிற்கிறார்.

நான் அவரிடம், அன்று நான் கூறிய சொல்லுக்காக வருந்துவதாகத் தயங்கித் தயங்கிக் கூறினேன். அவர் துணியைக் கொடியில் உலர்த்தியவாறே, “தம்பி, இவன் எதற்காகப் பிறந்தான் என்று நான் இப்போது கேட்பதில்லை. பிறந்தான். 24 வருடம் இருந்தான். சிரித்தான், சண்டை போட்டான், அம்மா என்று கூப்பிட்டான். அது எதற்காகவாவது இருக்க வேண்டுமா? கேட்டுக்கொண்டே இருந்தவரைக்கும் அவன் முடிக்காத வேலைதான் கண்முன் நின்றது. கேட்பதை விட்டபிறகுதான் அவன் முகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது” என்றார்.

அவர் பிரெஞ்சு நூல் எதையும் கற்றவர் அல்லர். அவருடைய துயர் தீர்ந்துவிட்டது என்றும் நான் கூறவில்லை. பெற்ற வயிற்றின் துயர் அவ்வாறு தீர்வதன்று. ஆனால் துயரின்மேல் ஏற்றிவைத்த இன்னொரு சுமையை, எதற்காக என்னும் சுமையை, அவர் தாமே இறக்கி வைத்துவிட்டார். மகனின் வாழ்வு ஏதோ ஒன்றிற்குக் கருவியாக இருந்து பாதியில் முறிந்ததன்று. அது இருந்த அளவில் முழுமையாக இருந்தது என்று கண்டுகொண்டார்.

அன்பார்ந்த வாசகர்களே, துயருற்ற இல்லத்திற்குச் செல்ல நேரும்போது விளக்கங்களைக் கட்டி எடுத்துச் செல்லாதிருப்போம். அவை வினையின் பெயரால் சொல்லப்படினும், இறைவனின் பெயரால் சொல்லப்படினும், துயருற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றன. சென்று அருகில் அமர்வோம். பொழுது சாய்வதற்குள் அவர்கள் ஒரு கவளம் உண்டார்களா என்று பார்ப்போம். நம் பிள்ளைகளிடமும், நீ இன்னதற்காகவே பிறந்தாய் என்று நம் நிறைவேறா ஆசைகளை ஏற்றாதிருப்போம். அவர்கள் நம் நோக்கங்களுக்குக் கருவிகள் அல்லர். தமக்கென இயல்பும் உரிமையும் உடைய உயிர்கள்.

அன்று மாலை நான் இன்னும் ஏதோ கூற வாயெடுத்தேன். தமக்கையார் மேற்கே நோக்கி, “பொழுது போகிறது, முதலில் சாப்பிடு” என்று இலையைப் போட்டார்.